மரக்காரம்மாவின் கையில் இருந்த கிளை

மேடையில் அமர்ந்திருக்கும் நம் நிறுவனத் தலைவர் அவர்களே, வடிவமைப்புத் துறையின் மூத்தவர் அவர்களே, திரை வரைபவர்களே, நிரல் எழுதுபவர்களே, பணி முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் செவிலியர்களே, முதல் வரிசையில் தலைகுனிந்து இருக்கும் மரக்காரம்மாவின் அக்கா அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வணக்கம் என்று சொல்லிவிட்டேன். அடுத்து மறைந்தவரைப் புகழ வேண்டும். குற்றம் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன் நான். யார் எதைச் செய்து முடித்தாலும் அதில் ஓட்டை எங்கே என்று பார்ப்பது என் வேலை. அதனால் இந்த அலுவலகத்தில் எனக்கு நொட்டைக்காரர் என்று பெயர். அந்தப் பெயரை எனக்குச் சூட்டியவரைப் புகழ்ந்து பேச என்னையே அழைத்திருக்கிறீர்கள். வேறு ஆளா கிடைக்கவில்லை உங்களுக்கு?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாலை போட்டுவிட்டு இறங்கிப் போக நான் இங்கே ஏறவில்லை. மரக்காரம்மா மறைந்து வாரங்கள் ஆகிவிட்டன. ஆனால் இந்த நிமிடம் வரை அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. கணினித் திரையில் நாம் எல்லோரும் சேர்ந்து வேலை செய்யும் மரத்தில் ஒரு கிளை இன்னும் அவர் கையில் இருக்கிறது. அந்தக் கிளைக்காக ஒரு மருத்துவமனையே காத்திருக்கிறது. அதை அவரிடமிருந்து வாங்குவது எப்படி? அதைப் பேசத்தான் வந்தேன்.

மரக்காரம்மா என்ற பட்டம் வெளியாட்களுக்குப் புரியாது. நம் வாசல் காவலருக்கே புரியவில்லை. இந்த அம்மா மரக்கடை வைத்திருப்பவர், பொழுது போகாமல் கணினி வேலைக்கு வருகிறார் என்று அவர் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார். வீட்டுக் கதவுக்கு நல்ல மரமாகச் சகாய விலையில் கிடைக்குமா என்று ஒருநாள் கேட்டும்விட்டார். மரக்காரம்மா சிரிக்கவில்லை. அவரைத் தன் இருக்கைக்கு அழைத்து வந்து, தான் வளர்த்த மரத்தைத் திரையில் திறந்து காட்டினார். காவலர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இதில் கதவு எங்கே என்று கேட்டார். மறுநாள் மரத்தில் 'வாசல்' என்று ஒரு கிளை முளைத்திருந்தது. உள்நுழையும் திரைகள் எல்லாம் இன்று வரை அந்தக் கிளையில்தான் இருக்கின்றன.

மரம் வருவதற்கு முன் நம் நிலைமை என்ன? ஒரே நிறுவனம், மருத்துவமனைகளுக்கான ஒரே தயாரிப்பு. ஆனால் ஆளுக்கொரு பொத்தான், ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு நீலம்! மருந்துத் திரையில் 'சரி' வலப்பக்கம் இருக்கும், படுக்கைத் திரையில் இடப்பக்கம் இருக்கும். ஏன் என்று கேட்டால் ஆளாளுக்கு நாட்டாமை. நடுவில் அவதிப்பட்டவர்கள் யார்? பின்வரிசையில் இருக்கும் இந்தச் செவிலியர்கள்தான்.

மரக்காரம்மா வந்தார். நம் திரைகளில் சிதறிக் கிடந்த உறுப்புகளை எல்லாம் பொறுக்கி எடுத்தார். பொத்தான்கள் ஒரு கிளை, பெட்டிகள் ஒரு கிளை, எச்சரிக்கைகள் ஒரு கிளை. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தாய், அவளுக்குக் கீழே பிள்ளைகள், பிள்ளைகளுக்குக் கீழே பேரப்பிள்ளைகள். தாயின் நிறத்தை மாற்றினால் குடும்பமே நிறம் மாறும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி. அமுக்கினால் கிளை விரியும், மறுபடி அமுக்கினால் மடியும். வேலை செய்கிறவர் கண்ணுக்கு அவர் வேலை மட்டும் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் மடிந்து கிடக்கட்டும் என்பார். பெயர்களையும் அவரே வைத்தார். அமுக்க முடியாமல் சாம்பல் நிறத்தில் கிடக்கும் பொத்தானுக்குத் 'தூங்குமூஞ்சி'. சுற்றிக்கொண்டே இருக்கும் காத்திருப்பு வளையத்துக்குச் 'செக்குமாடு'. ஒருமுறை கேட்டால் மறக்குமா?

மேடையில் இருக்கும் மூத்தவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. மரத்தை எல்லோரும் பார்க்கலாம், ஆனால் மாற்றும் உரிமை அனுபவசாலிகளுக்கு மட்டும்தான் இருக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். நானும் அவர் பக்கம்தான் நின்றேன். கண்டவர் கை வைத்தால் என் வேலைதானே பெருகும்? மரக்காரம்மா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"பாக்க மட்டும்தான்னா அது கண்காட்சி சார். கை வைக்க முடிஞ்சாத்தான் வேலை" என்றார்.

அன்று முதல் மரம் எல்லோருடையதும் ஆனது. அதற்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு கிளையில் நீங்கள் வேலை தொடங்கினால் அது உங்கள் கையில் இருக்கும். கிளைக்குப் பக்கத்தில் உங்கள் பெயரும் ஒரு பச்சை விளக்கும் எரியும். நீங்கள் அதை விரிப்பதும் மடிப்பதும் மற்றவர் திரையிலும் தெரியும். ஆனால் நீங்களாகத் திருப்பிக் கொடுக்கும் வரை வேறு யாரும் அதைத் தொட முடியாது. வேண்டுமென்றால் எழுந்து உங்கள் இருக்கைக்கு வர வேண்டும், வாய் திறந்து கேட்க வேண்டும். பிடுங்கிக்கொள்ளும் வசதியை அவர் மரத்தில் வைக்கவே இல்லை.

அதனால் பட்ட பாடு கொஞ்சமா? நிரல் எழுதும் தம்பி ஒருவர், பெட்டிகளின் கிளையைக் கையில் வைத்துக்கொண்டே தன் கல்யாணத்துக்குப் போய்விட்டார். வேலை மொத்தமும் நின்றது. தலைவருக்கு முகம் சிவந்தது. மரக்காரம்மா பதறவில்லை. மாப்பிள்ளையைத் தொலைபேசியில் பிடித்து, வாழ்த்துச் சொல்லி, மணப்பெண்ணிடமும் நலம் விசாரித்து, கடைசியில்தான் கிளையைக் கேட்டார். மாப்பிள்ளை மணக்கோலத்தில் மண்டபத்து மாடிப்படியில் உட்கார்ந்து கிளையைத் திருப்பிக் கொடுத்தார். இனிமேலாவது பிடுங்கும் பொத்தானை வையுங்கள் என்று தலைவர் உத்தரவே போட்டார். பிடுங்க வழி இருந்தால் யாரும் யாரிடமும் பேச மாட்டார்கள் என்று சொல்லி மரக்காரம்மா மறுத்துவிட்டார். தலைவர் அவர்களே, நீங்கள் அன்று விட்டுக்கொடுத்தீர்கள். அதற்காக இன்று உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

எனக்கும் அவருக்கும் சண்டை இல்லாத நாள் கிடையாது. ஒருமுறை அவர் மரத்தில் ஒரு நொட்டை கண்டுபிடித்தேன். பெரிய கிளையை மடித்துவிட்டு மறுபடி விரித்தால், உள்ளே எந்தெந்தச் சின்னக் கிளைகள் விரிந்திருந்தன என்பதை மரம் மறந்துவிடுகிறது. எல்லாம் மூடிக் கிடக்கிறது, முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது. இதெல்லாம் ஒரு குறையா, உங்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிந்து விழுந்தார். பிறகு வேறு எதையும் தொடாமல் அதையே சரிசெய்துகொண்டிருந்தார். முடித்துவிட்டு என் இருக்கைக்கு வந்து, இனி யார் எப்போது மூடித் திறந்தாலும் விட்டது விட்டபடியே இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எவ்வளவோ முயன்று பார்த்தேன். அதில் ஓட்டை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

அந்த வேலை எவ்வளவு உறுதியானது என்பதை அவர் போன பிறகுதான் அறிந்தேன். அதற்கு வருகிறேன்.

பின்வரிசையில் இருக்கும் தலைமைச் செவிலியர் அவர்களே, உங்கள் மருத்துவமனைக்கு மரக்காரம்மா வந்தது நினைவிருக்கும். நம் திரைகளை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று பார்க்க வந்தவர், நாள் முழுவதும் உங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நோயாளி படுக்கையிலிருந்து கூப்பிட்டால் திரையில் ஒரு விளக்கு எரியும். அது நாம் செய்த விளக்கு. அந்த நேரம் செவிலியர் வேறு நோயாளியின் படுக்கை அருகில் இருந்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"விளக்கு எரிஞ்சுகிட்டுதாம்மா இருக்கும். பாக்கத்தான் ஆள் இருக்காது."

கூப்பிட்டுப் பார்த்து, யாரும் வராமல், தானே எழுந்து கீழே விழுந்த ஒரு நோயாளியைப் பற்றியும் அன்று சொன்னீர்கள். அலுவலகத்துக்குத் திரும்பிய மரக்காரம்மா நேரே தன் இருக்கைக்குப் போனார். எச்சரிக்கைகளின் கிளையைத் தன் கையில் எடுத்தார். ஒருவர் பார்க்காவிட்டால் விளக்கு அடுத்தவரிடம் போக வேண்டும், அவரும் பார்க்காவிட்டால் அதற்கடுத்தவரிடம் போக வேண்டும். அதைச் செய்து முடிக்கும் வரை கிளையைக் கொடுக்க மாட்டேன் என்று மட்டும் என்னிடம் சொன்னார். அமைதியாக இருந்து வேலை பார்க்க வேண்டும் என்று வீட்டிலிருந்தே செய்தார்.

நண்பர்களே, அவர் வீட்டில் அப்படி வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பகல் பொழுதில்தான் அவருடைய இதயம் நின்றது. வீட்டில் யாரும் இல்லை. அவர் கணவர் ரயில் ஓட்டுநர். வெளியூருக்கு வண்டி எடுத்துப் போயிருந்தார். மறுநாள் வந்து கதவைத் திறந்தவர் அவர்தான்.

அந்தப் பகல் முழுவதும் நாம் எங்கே இருந்தோம்? இதே கட்டடத்தில், நம் திரைகளுக்கு முன்னால்தான் இருந்தோம். மரக்காரம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை எரிந்தது. அவர் வேலையில் இருக்கிறார் என்று நினைத்தோம். ஏன் நினைக்க மாட்டோம்? விளக்கு அதற்குத்தானே இருக்கிறது!

அடக்கம் முடிந்து அலுவலகம் வந்தோம். பச்சை எரிந்துகொண்டிருந்தது. அவர் மடிக்கணினியை வீட்டில் யாரும் அணைக்கவில்லை என்று புரிந்துகொண்டோம். புரிந்துகொண்டால் மட்டும் பயம் போய்விடுமா? அவர் நாற்காலிக்கு அருகில் போகும்போது குரலைத் தாழ்த்தினோம். நாற்காலி முதுகில் அவர் போட்டுவிட்டுப் போன சால்வையை யாரும் எடுக்கவில்லை.

பிறகு அது நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் இருக்கைக்குத் திரும்பிய நேரம். மரத்தில் எச்சரிக்கைகளின் கிளை தானாக மடிந்தது. பிறகு விரிந்தது. மறுபடி மடிந்தது. பக்கத்தில் மரக்காரம்மா என்ற பெயர், பச்சை விளக்கு. பேயாவது பிசாசாவது என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கும் அந்தக் கல்யாண மாப்பிள்ளை எழுந்து போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டார். மறுநாளும் அதே போல மடிந்தது, விரிந்தது. கிளையின் அசைவு நின்ற பிறகும் எங்களால் வேலை செய்ய முடியவில்லை. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. அதைவிட மோசம், அது அசையாத நாளில் ஏன் அசையவில்லை என்று மனம் அடித்துக்கொண்டது.

தலைவர் கூட்டம் போட்டார். மருத்துவமனை கேட்டுக்கொண்டே இருக்கிறது, விளக்கு பழையபடி பார்க்க ஆளில்லாமல்தான் எரிகிறது, இனியும் காத்திருக்க முடியுமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கிருந்து அவர் கணினியின் இணைப்பை அறுத்துவிட்டால் கிளை நமக்குக் கிடைக்கும், மரக்காரம்மா அதில் செய்து வைத்த வேலை கிடைக்காது. திருப்பிக் கொடுக்காத வேலை அவருடைய மடிக்கணினியில் மட்டும்தான் இருக்கிறது. அறுத்தால் உதிர்ந்துவிடும். அதை அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்குவதுதான் வழி. யார் போவது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கதவைத் திறந்த அவர் கணவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்கள்தானே நொட்டைக்காரர், தினமும் உங்களைத் திட்டுவாள் என்றார். உள்ளே அழைத்தார். ஜன்னலோரம் மேசை, மேசைமேல் மடிக்கணினி. மின்கம்பி பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க அதைச் சுவரோடு சேர்த்து ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருந்தார். அவர் அந்தக் கிளையை மூடித் திறப்பது எங்கள் திரையில் தெரிகிறது என்று எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அவர் திடுக்கிட்டார். மன்னிப்புக் கேட்டார். பிறகு சொன்னார்.

"மூடித் திறந்தா அவ விட்டபடியே இருக்கு சார். இந்த வீட்டுல வேற எதுவும் அப்படி இல்ல."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவர் தேநீர் போட உள்ளே போனார், பாவம், எனக்கு நேரம் கொடுக்கத்தான் போனார்.

திரும்பி வந்ததும் அந்தக் கிளையில் என்ன இருக்கிறது என்று காட்டச் சொன்னார். நானும் அப்போதுதான் பார்க்கிறேன். மரக்காரம்மா படிப்படியாகக் கட்டியிருந்தார். முதல் படிக்கு 'பார்த்தாரா?' என்று பெயர். அதற்குக் கீழே 'பார்க்கவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவர்'. அதற்கும் கீழே 'அவரும் வரவில்லை என்றால் தலைமைச் செவிலியர்'. அதற்கும் கீழே 'யாருமே வரவில்லை என்றால்' என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். அந்த வரி வரைக்கும்தான் அவருக்கு நேரம் இருந்திருக்கிறது.

அந்த ரயில் ஓட்டுநர் ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். கடைசி வரியில் நின்றார். வண்டியில் இருக்கும்போது அவர் தொலைபேசியை அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. அவருடைய மனைவிக்கும் அது தெரியும்.

"அவ என்னைக் கூப்பிடவே இல்ல சார். கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். எங்க வண்டியில ஒரு பொத்தான் இருக்கு. நான் முழிச்சுக்கிட்டு இருக்கேன்னு அதை அப்பப்ப அமுக்கிட்டே இருக்கணும். அமுக்கலன்னா மணி அடிக்கும். அப்பவும் அமுக்கலன்னா வண்டி தானா நின்னுடும். டிரைவர் செத்துப் போனா வண்டிக்குக்கூடத் தெரியும். எங்க வீட்டுக்குத் தெரியல."

அவை நிறைந்திருக்கும் பெருமக்களே, உலகத்தில் உள்ள எல்லாவற்றிலும் குறை சொல்லத் தெரிந்த எனக்கு, அவர் கையைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

கிளையைக் கேட்டேன். திருப்பிக் கொடுக்கும் பொத்தானை அவர் மனைவியின் கணினியில் அவர்தான் அமுக்க வேண்டும் என்றேன். அமுக்கினால் அவள் பெயர் என்ன ஆகும் என்று கேட்டார். விளக்கு அணையும், பெயர் போய்விடும் என்று உண்மையைச் சொன்னேன். அவர் விரலைப் பொத்தான் வரை கொண்டுபோனார், எடுத்துக்கொண்டார். முடியவில்லை. நான் வற்புறுத்தவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பியவர், செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் தன் நிபந்தனையைச் சொன்னார்.

"நர்ஸுங்களுக்குக் கண்டிப்பா கொடுக்கணும் சார், எனக்குப் புரியுது. ஆனா யாரும் பாக்காதப்ப அவ பேரு அணையக் கூடாது. ஏற்கெனவே ஒரு தடவை அப்படி ஆயிடுச்சு."

அதற்காகத்தான் இந்த இரங்கல் கூட்டம். அதற்காகத்தான் மருத்துவமனையின் அனுமதி வாங்கிச் செவிலியர்களையும் வரவழைத்தோம். அதற்காகத்தான் அந்த மனிதர் இன்று இந்த அரங்கில் இல்லாமல், தன் வீட்டில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருக்கிறார். நம் வரைகலைஞர் ஒருவர் துணைக்கு அவர் பக்கத்தில் இருக்கிறார். நான் பேசுவது தொலைபேசி வழியாக அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறது.

மரக்காரம்மா அவர்களே! தாயே! வேலையை வேலையாக மட்டும் பார்க்காமல், அதன் மறுமுனையில் படுத்திருப்பவர் யார் என்று பார்த்தவரே! உங்கள் கிளையை நாங்கள் பெற்றுக்கொள்கிறோம். நீங்கள் எழுதாமல் விட்ட அந்தக் கடைசி வரியை எங்கள் இஷ்டத்துக்கு நிரப்ப மாட்டோம். நாளைக் காலை செவிலியர்களோடு அதே மேசைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, யாருமே வரவில்லை என்றால் யார் வருவார் என்பதற்குப் பதில் கிடைக்கும் வரை எழுந்திருக்க மாட்டோம். அந்த வேலையை நான் சோதிப்பேன். நான் நொட்டை சொல்ல முடியாத நாளில்தான் அது வெளியே போகும். பிடுங்கும் பொத்தானை உங்கள் மரத்தில் யாரும் வைக்க மாட்டோம். தலைவர் தலையசைக்கிறார், எல்லோரும் சாட்சி.

இப்போது எழுந்து நில்லுங்கள். என் பின்னால் உள்ள பெரிய திரையைப் பாருங்கள். அதோ, எச்சரிக்கைகளின் கிளை. அதோ அவர் பெயர், அதோ பச்சை. அக்கா, நீங்களும் எழுந்திருங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் அக்காவைப் பிடித்துக்கொள்ளுங்கள். யாரும் தலைகுனிய வேண்டாம், கண்ணை மூட வேண்டாம். மௌன அஞ்சலியைக் கண்ணைத் திறந்துகொண்டே செலுத்துவோம்.

ஐயா, நாங்கள் தயார். அவசரமே இல்லை.

கிளை மடிகிறது. மறுபடி விரிக்கிறார். சரி, ஐயா, சரி. இன்னும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருக்கிறோம்.

மடிந்துவிட்டது.

ஐயா, கேட்கிறதா? விளக்கு இப்போதுதான் அணைந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.